எரிந்த வீட்டை எழுப்ப ஒரு மனு

கடை எரிந்தால் சரக்கு போகும். சரக்கை மறுபடி கொள்முதல் செய்துகொள்ளலாம். வீடு எரிந்தால் கூரை போகும். கூரையை மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஆனால் "நீங்கள் அதே இடத்தில், அதே மாதிரி மறுபடி கட்ட உங்களுக்கு உரிமை இல்லை" என்று ஊர் நிர்வாகம் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

எரிந்த இடமெல்லாம் தானாக மறுபடி எழும்பிவிடுவதில்லை என்பது நம் வணிகர்களுக்குப் புதிய செய்தி அல்ல. 1985ஆம் ஆண்டு சென்னை மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. பல தலைமுறையாகக் கடை வைத்திருந்தவர்கள் பக்கத்திலே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். பழைய மார்க்கெட் நின்ற இடத்தில் ரயில்வே கட்டடம் வந்துவிட்டது. அது வேறு கதை. ஆனாலும் "எரிந்தது நம்முடையதுதானே, கட்டிக்கொண்டால் போகிறது" என்று நினைப்பவர்களுக்கு அது ஓர் எச்சரிக்கை.

இந்தக் கட்டுரை அமெரிக்காவைப் பற்றியது. அங்கே கீழே மளிகை, மேலே குடியிருப்பு என்று வாழ்கிற சிறு வணிகர்கள் ஏராளம். நியூ ஜெர்சி மாநிலத்தில் எடிசன், ஐஸ்லின் ஊர்களின் ஓக் ட்ரீ ரோட்டிலே நம் நாட்டு மளிகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நம் சங்க உறுப்பினர் பலருக்கு அந்த நாட்டில் அண்ணன் தம்பியோ, மகளோ மருமகனோ இருக்கக்கூடும். அவர்களுக்கும் பயன்படும், நமக்கும் பாடமாகும் என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறோம்.

மண்டல விதி வந்த கதை

ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இது குடியிருப்பு, இது வணிகம், இது தொழிற்சாலை என்று வகுத்து, எந்தப் பகுதியில் எவ்வளவு உயரம் கட்டலாம், எல்லையிலிருந்து எத்தனை அடி விட வேண்டும் என்று விதிப்பதுதான் மண்டல விதி. அமெரிக்காவில் ஒரு நகரம் முழுவதற்குமாக இப்படி முதலில் விதி செய்தது நியூயார்க். அது 1916ஆம் ஆண்டு. பிறகு எல்லா மாநிலங்களுக்கும் மாதிரியாக இருக்கட்டும் என்று மத்திய வணிகத் துறை ஒரு மாதிரிச் சட்டத்தைத் தயாரித்தது. அப்போது அந்தத் துறைக்கு அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர், பின்னாளில் ஜனாதிபதி ஆனவர். 1926ஆம் ஆண்டு ஒஹையோ மாநிலத்து யூக்ளிட் என்ற ஊரின் வழக்கில், இத்தகைய விதிகள் செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விதி வருவதற்கு முன்பே கட்டிய வீடுகளும் கடைகளும் எல்லா ஊரிலும் இருந்தன. குடியிருப்பு என்று கோடு போட்ட தெருவிலே ஏற்கெனவே ஒரு மூலைக்கடை நடந்துகொண்டிருக்கும். பத்தடி விட வேண்டிய இடத்தில் பழைய வீடு நாலடிதான் விட்டிருக்கும். அவற்றை இடித்துத் தள்ள முடியாது. ஆகையால் "இருப்பது இருக்கட்டும், ஆனால் வளரக் கூடாது" என்று விட்டார்கள். விதிக்குப் பொருந்தாத பழைய உபயோகம் என்று அதற்குப் பெயர். காலப்போக்கில் அவை தாமாகவே மறைந்துபோகும் என்பது விதி செய்தவர்களின் எண்ணம்.

தாமாக மறைவது எப்போது? கடைக்காரர் கடையை மூடிவிட்டால். அல்லது தீப்பிடித்தால்! வீட்டுக்காரருக்குத் தீ என்பது பேரிழப்பு. விதிப் புத்தகத்துக்கோ அது பழைய கணக்கைத் தீர்க்கிற நாள். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

பாதி என்றால் எதில் பாதி?

பல ஊர்களின் விதியில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். கட்டடத்தின் மதிப்பில் 50 சதவீதத்துக்கு மேல் சேதமானால் பழைய உரிமை போய்விடும், புதிதாகக் கட்டுகிறவர் இன்றைய விதிப்படிதான் கட்ட வேண்டும் என்பது அது. சில ஊர்களில் இந்த அளவு இன்னும் கூடுதலாக இருக்கும்.

வியாபாரிக்கு உடனே ஒரு கேள்வி எழும். எதில் 50 சதவீதம்? கட்டடத்தின் சந்தை மதிப்பு 2,00,000 டாலர், பழுதுபார்க்க 1,10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சேதம் 55 சதவீதம். உரிமை போயிற்று. ஆனால் அதே கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட 3,00,000 டாலர் ஆகும் என்றால், அந்தக் கணக்கில் சேதம் 37 சதவீதம்கூட இல்லை. உரிமை நிற்கிறது. தீ அதே தீ, கட்டடம் அதே கட்டடம். எந்த மதிப்பை வைத்து வகுக்க வேண்டும் என்று அந்த ஊர் விதியில் எழுதியிருக்கிற ஒரு வார்த்தைதான் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே விதிப் புத்தகத்தை முதலில் வாசிக்காமல் யாரிடமும் எந்தத் தொகையையும் எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.

நியூ ஜெர்சியில் மாநிலச் சட்டமே வேறு மாதிரி பேசுகிறது. பழைய உபயோகம் தொடரலாம், கட்டடம் பகுதி அழிந்தால் அதைச் சீர்செய்துகொள்ளலாம் என்கிறது சட்டம். "பகுதி" என்பதற்குச் சதவீதம் எதுவும் சொல்லவில்லை. பகுதி அழிவா, முழு அழிவா என்பதை வைத்துத்தான் அங்கே வாதமே நடக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தீ அணைந்த மறுநாள், நிற்கிற சுவர் அபாயம் என்று பயந்து வீட்டுக்காரரே ஆள் வைத்து எல்லாவற்றையும் இடித்துவிடுவார். இடத்தைச் சுத்தமாக்கிவிட்டோம் என்று நிம்மதி அடைவார். ஆனால் பகுதி அழிவாக இருந்ததை முழு அழிவாக ஆக்கியவர் அவரே என்று பிறகு பேச்சு வரும். இடிக்கும் முன் நாலு பக்கமும் புகைப்படம், பொறியாளரின் எழுத்துபூர்வ அறிக்கை, அஸ்திவாரமும் சுவரும் எந்த நிலையில் இருந்தன என்ற குறிப்பு ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். இடிக்கச் சொல்வது நிர்வாகமே என்றால் அந்த உத்தரவை எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும்.

ஆற்றங்கரை, கடற்கரை ஊர்களில் இன்னொரு விதியும் உண்டு. வெள்ளப் பகுதி என்று குறித்த இடத்தில் ஒரு கட்டடம் எந்தக் காரணத்தால் சேதமானாலும், பழுதுச் செலவு முந்தைய சந்தை மதிப்பில் 50 சதவீதத்தைத் தொட்டால், வெள்ளத்துக்கான இன்றைய விதிப்படி தரைமட்டத்தை உயர்த்தித்தான் கட்ட வேண்டும். எரித்தது தீயாக இருந்தாலும் பின்பற்ற வேண்டியது வெள்ள விதி!

மனு என்றால் என்ன மனு?

விதியை அப்படியே அமல் செய்தால் ஒருவருக்குத் தேவையற்ற இடர் நேரும் என்றால், அவருக்கு மட்டும் விதியைத் தளர்த்தலாம். அந்த விதித்தளர்வுக்குத்தான் "வேரியன்ஸ்" என்று பெயர். மண்டல விதி பிறந்த நாளிலிருந்தே இதுவும் கூடவே இருக்கிறது. இதை முடிவு செய்ய ஊருக்கு ஒரு வாரியம் உண்டு. நியூ ஜெர்சியில் இந்த வாரியத்துக்கு 7 உறுப்பினர்கள். எல்லாரும் அந்த ஊர்க்காரர்களே.

விதித்தளர்வு இரண்டு வகைப்படும். ஒன்று அளவு சம்பந்தப்பட்டது. பத்தடிக்குப் பதில் நாலடி விட்டுக் கட்ட அனுமதி கேட்பது அந்த வகை. மற்றது உபயோகம் சம்பந்தப்பட்டது. குடியிருப்புத் தெருவில் மளிகைக்கடை நடத்த அனுமதி கேட்பது இந்த வகை. முன்னது ஓரளவு எளிது. பின்னது கடினம். நியூ ஜெர்சியில் அளவுத் தளர்வுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். உபயோகத் தளர்வுக்கோ 5 பேர் சாதகமாக வாக்களிக்க வேண்டும். கூட்டத்துக்கு 5 பேரே வந்திருந்தால் ஐவருமே சம்மதித்தாக வேண்டும். கலிபோர்னியாவில் உபயோகத் தளர்வு கொடுப்பதற்கே மாநிலச் சட்டம் இடம் தரவில்லை.

ஒரு மளிகைக்காரரின் வழக்கு

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். நியூ ஜெர்சியில் ஒரு சிற்றூர். மண்டல விதி வருவதற்கு முன்பு கட்டிய இரண்டு மாடிக் கட்டடம். கீழே மளிகை, மேலே குடும்பம். தெரு இன்று குடியிருப்பு மண்டலம். பக்க எல்லைக்கு 10 அடி விட வேண்டும், இவர் கட்டடம் 4 அடிதான் விட்டிருக்கிறது. ஒரு குளிர்கால இரவில் மின்கசிவு. குடும்பம் உயிர் தப்பியது. மாடி போயிற்று, கூரை போயிற்று. கீழ்த்தளச் சுவர்கள் நிற்கின்றன.

கெட்டிக்கார வக்கீல் இவருக்காக இரண்டு கயிறு கட்டுவார். முதல் கயிறு: "இது பகுதி அழிவு, சீர்செய்ய எங்களுக்கு உரிமை இருக்கிறது, தளர்வே தேவையில்லை." அது அறுந்தால் இரண்டாவது கயிறு: "அப்படி இல்லையென்றால் அளவுத் தளர்வும் உபயோகத் தளர்வும் தாருங்கள்." இரண்டையும் ஒரே மனுவில் கேட்கலாம். சொத்து தனிநபர் பெயரில் இருந்தால் உரிமையாளர் தாமே ஆஜராகலாம். கம்பெனி பெயரில் இருந்தால் வக்கீல் வைத்தே ஆக வேண்டும். கடையைக் கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மனு முழுமையாக இருக்கிறதா என்று 45 நாளுக்குள் நிர்வாகம் சொல்ல வேண்டும். முழுமையான மனுவுக்கு 120 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 200 அடி சுற்றளவில் சொத்து வைத்திருக்கிற எல்லாருக்கும் விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாக அறிவிப்புப் போக வேண்டும். பொது அறிவிப்பும் வெளியாக வேண்டும். ஒரு பக்கத்து வீட்டுக்காரர் பெயர் விட்டுப்போனாலும் விசாரணை செல்லாமல் போகலாம்.

இடர் என்றால் யாருடைய இடர்?

நம்மவர்கள் தவறு செய்வது இங்கேதான். வாரியத்தின் முன் நின்று, "எல்லாம் போயிற்று, பிள்ளைகள் படிக்கிறார்கள், கடன் இருக்கிறது" என்று கண் கலங்குவார்கள். கேட்கிறவர்களுக்கும் மனம் இளகும். ஆனால் சட்டம் கேட்கிற இடர் மனிதருடையது அல்ல, மனையினுடையது. மனை குறுகலானது, ஆழம் இல்லாதது, வடிவம் கோணலானது, அல்லது சட்டப்படி அங்கே நிற்கிற கட்டடத்தால் அந்த மனைக்கு மட்டும் உண்டான சங்கடம் என்று காட்ட வேண்டும்.

நம் மளிகைக்காரர் என்ன சொல்ல வேண்டும்? "என் மனையின் அகலம் 30 அடி. இரண்டு பக்கமும் பத்துப் பத்து அடி விட்டால் பத்தடி அகலத்தில்தான் வீடு கட்ட முடியும். நிற்கிற அஸ்திவாரம் நாலடியில்தான் இருக்கிறது. அண்டை வீட்டுக்கு இதுவரை இருந்த வெளிச்சமும் காற்றும் அப்படியே இருக்கும்." இது மனை பேசுகிற பேச்சு. இதற்கு வாரியம் செவி சாய்க்கும்.

கடையைப் பற்றிக் கேட்கும்போது வேறு பேச்சு வேண்டும். இந்த இடம் ஏன் இந்த உபயோகத்துக்குப் பொருத்தம், இதனால் பொது நலனுக்குப் பெரிய கேடு ஏன் இல்லை, ஊரின் மண்டலத் திட்டம் ஏன் குலையாது என்று மூன்றையும் நிறுவ வேண்டும். பெரும்பாலும் ஒரு திட்ட நிபுணரைச் சாட்சியாக அழைத்து வருவார்கள்.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். நம் ஊரில் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் முதல் நாள் மாலையில் பழத்தட்டோடு வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவோம். அங்கே வாரிய உறுப்பினரை விசாரணைக்கு வெளியே பார்த்து வழக்கைப் பேசுவது மனுவையே கெடுத்துவிடும். பார்க்க வேண்டியது பக்கத்து வீட்டுக்காரர்களைத்தான். வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய், என்ன கட்டப்போகிறோம் என்று காட்ட வேண்டும். ஐம்பது பேர் கையெழுத்திட்ட காகிதத்தைவிட, நேரில் வந்து சத்தியம் செய்து "இந்தக் கடை எங்களுக்கு வேண்டும்" என்று சொல்கிற இரண்டு அயலாருக்கு மதிப்பு அதிகம். பத்து வருடம் பாலும் ரொட்டியும் கடன் சொல்லிக் கொடுத்த வாடிக்கையாளர் அந்த நேரத்தில் சாட்சியாக நிற்பார். வியாபாரத்தில் சம்பாதித்த நல்ல பெயர் கல்லாப்பெட்டியில் மட்டும் இருப்பதில்லை.

முடிவு எப்படியும் வரலாம். மாடி வீட்டுக்கு அனுமதி கொடுத்து, கடைக்கு மறுக்கலாம். சரக்கு லாரி காலை எட்டு மணிக்கு முன் வரக்கூடாது, குப்பைத்தொட்டியை வேலி போட்டு மறைக்க வேண்டும் என்று நிபந்தனையோடு இரண்டுக்கும் கொடுக்கலாம். கிடைத்த தளர்வு ஆளோடு போகாது, மனையோடு நிற்கும், நாளை விற்றால் வாங்குகிறவருக்கும் செல்லும். மறுத்தால் முடிவு வெளியான நாளிலிருந்து 45 நாளுக்குள் நீதிமன்றம் போகலாம்.

கேட்பது எவ்வளவு குறைவோ, கிடைப்பது அவ்வளவு எளிது. எரிந்ததுதான் எரிந்தது, இன்னொரு மாடியும் சேர்த்துக் கட்டுவோம் என்ற ஆசை வந்தால் பழைய உரிமை என்ற வாதமே பலவீனப்படும்.

ஊரே எரிந்தால்

ஒரு வீடு எரிந்தால் ஒரு மனு. ஊரே எரிந்தால்? 2025ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் தொடங்கிய பாலிசேட்ஸ், ஈட்டன் காட்டுத்தீக்களில் 16,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. 30 பேருக்கு மேல் இறந்தனர். அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி மனு விசாரித்தால் எத்தனை ஆண்டு ஆகும்! அந்த மாதமே மாநில ஆளுநர் ஓர் அவசர உத்தரவு போட்டார். பழைய கட்டடத்தின் பரப்பிலும் உயரத்திலும 110 சதவீதத்துக்கு மேற்படாமல் மறுபடி கட்டுகிறவர்களுக்குச் சுற்றுச்சூழல் சட்டத்தின், கடற்கரைச் சட்டத்தின் சில அனுமதிகள் தேவையில்லை என்றார். அதாவது "இருந்தபடி கட்டு, பத்தில் ஒரு பங்கு கூடுதலானாலும் பொறுத்துக்கொள்வோம்" என்பது அதன் சாரம். நெருப்பைத் தாங்கும் கட்டட விதிகளை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் ஒருவர் வீடு மட்டும் எரிந்தால் ஆளுநர் உத்தரவு போடமாட்டார். தனியாக எரிந்தவன் தனியாகத்தான் மனுப் போட வேண்டும்.

பணம் யார் தருவது?

அனுமதி கிடைத்த பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. இன்றைய விதிப்படி கட்டுவதற்கு ஆகும் கூடுதல் செலவைச் சாதாரணத் தீக் காப்பீடு தராது. எரிந்ததற்குத்தான் பணம், விதி கேட்பதற்கு அல்ல என்பார்கள். அதற்கென்று அமெரிக்காவில் தனிப் பாதுகாப்பு உண்டு. பல வீட்டுப் பாலிசிகளில் அது கட்டடத் தொகையில் 10 சதவீதம் என்று சேர்ந்தே வரும். பழைய கட்டடத்துக்கு அது போதாமலும் போகலாம். கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம்.

காலக்கெடுவும் முக்கியம். பல ஊர்களில் எரிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வேலை தொடங்காவிட்டால் பழைய உரிமை போய்விடும். காப்பீட்டுக் கம்பெனியோடு தொகை பேசிக்கொண்டே பத்து மாதத்தைக் கழித்தவர் பணத்தையும் குறைவாகப் பெற்று, உரிமையையும் இழப்பார். இரண்டு வேலையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும்.

நமக்கு என்ன பாடம்?

நம் தமிழ்நாட்டில் வாரியம் வைத்து விசாரிக்கிற இந்த முறை இல்லை. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113ஆம் பிரிவு, எந்த நிலத்துக்கும் கட்டடத்துக்கும் விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. கட்டட அளவுகளுக்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இருக்கின்றன. நம் கடைவீதிகளில் தாத்தா காலத்தில் கட்டிய, சுவரோடு சுவர் ஒட்டிய கட்டடங்கள்தான் பெரும்பாலும். அவற்றில் ஒன்று எரிந்து, மறுபடி கட்டப் போனால், "பழையது எப்படி இருந்தது, காட்டுங்கள்" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். காட்டுவதற்குக் கையில் என்ன இருக்கிறது? ஒவ்வொரு வணிகரும் இந்த மாதமே செய்ய வேண்டியவை:

1. கிரயப் பத்திரம், பட்டா, கட்டட அனுமதி, அங்கீகரித்த வரைபடம், சொத்து வரி ரசீதுகள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, கடையில் அல்லாத வேறோர் இடத்தில் வையுங்கள். கடையில் இருக்கும் பத்திரம் கடையோடு எரியும்.

2. கட்டடத்தை நாலு பக்கமும், உள்ளேயும் புகைப்படம் எடுங்கள். ஒரு பொறியாளரை வைத்து நீள, அகல, உயரமும் எல்லையிலிருந்து உள்ள இடைவெளியும் அளந்து எழுதி வாங்குங்கள்.

3. வணிக உரிமம், பழைய மின் கட்டண ரசீது முதலியவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். எத்தனை வருடமாகக் கடை நடக்கிறது என்பதற்கு அவையே சாட்சி. நியூ ஜெர்சியில் உள்ள உறவினருக்கு, பழைய உபயோகத்துக்கான சான்றிதழைத் தீ வருமுன்பே வாரியத்திடம் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது.

4. காப்பீட்டுத் தொகையைச் சரிபாருங்கள். 20 லட்சம் மதிப்புள்ள கட்டடத்தை 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், 6 லட்சம் சேதத்துக்கு 3 லட்சம்தான் கிடைக்கும். குறைத்துக் காப்பீடு செய்தவர் பாதிச் சேதத்தைத் தாமே ஏற்றுக்கொண்டவர் ஆகிறார். 2021 ஏப்ரல் முதல் சிறு வணிகர்களுக்கென்று வந்துள்ள பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா பாலிசி பற்றியும், உள்ளாட்சி விதியால் ஆகும் கூடுதல் கட்டுமானச் செலவுக்குப் பாதுகாப்பு உண்டா என்றும் உங்கள் ஏஜெண்டிடம் கேளுங்கள்.

5. தீ நேர்ந்துவிட்டால், தீயணைப்புத் துறையின் அறிக்கையும் போலீஸ் புகார் நகலும் பெறாமல், சர்வேயர் வந்து பார்க்காமல், ஒரு செங்கல்லையும் நகர்த்தாதீர்கள். உயிருக்கு அபாயமான சுவர் மட்டும் இதற்கு விலக்கு.

வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்ட முடியாது என்பது நம் பெரியவர்கள் சொன்னது. பத்திரம் தேடுவதும் அப்படித்தான். இன்று இரவு கடையைப் பூட்டும் முன் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, உங்கள் கட்டடத்தின் காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். எங்கே என்று உங்களுக்கே உடனே சொல்லத் தெரியவில்லை என்றால், நாளைக்குச் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.